‘சாமி’க்கு முன்னால் ஒரு சொல்

1

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் போன வாரத்திலிருந்து ஒரு தாள் தொங்குகிறது. ஒட்டியவள் என் மகள் மெர்சி. பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. தாளின் மேல் மூலையில் அவளுடைய டீச்சர் ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டி, பக்கத்தில் சிவப்பு மையில் பாராட்டி இரண்டு வரி எழுதியிருக்கிறார்.

வீட்டுப்பாடம் இதுதான். ‘முன்பு இருந்தது, இப்போது இல்லை’ என்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் எத்தனை சொற்கள் உண்டோ அத்தனையும் தேடி எடுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் வைத்து ஒரு வாக்கியம் எழுத வேண்டும். மற்றப் பிள்ளைகள் பழைய ஜனாதிபதிகள், காலி செய்த வீடு, போன வருடத்து டீச்சர் என்று எழுதியிருக்கிறார்கள். என் மகள் அவ்வளவு தூரம் அலையவில்லை. வீட்டிலேயே ஒரு ஆள் இருந்தான்.

‘என் அப்பா ஒரு எக்ஸ் பாதிரியார்’ என்பது முதல் வாக்கியம். ‘என் அப்பா ஃபார்மர் பாதிரியார் என்பதால் எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் நீளமாக இருக்கும்’ என்பது இரண்டாவது. அப்பாவின் பிரீவியஸ் வேலையில் ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. ஒன்டைம் பாதிரியார்கள் நன்றாகத் தோசை சுடுவார்கள். கடைசி வாக்கியத்துக்குத்தான் வகுப்பில் கைதட்டல் கிடைத்ததாம்: ‘எர்ஸ்ட்வைல் பாதிரியார் இப்போது பழைய கார் விற்கிறார்.’ ‘லேட்’ என்ற சொல்லையும் சேர்க்கப் போனவளை, அது செத்தவர்களுக்குப் போடுவது என்று சொல்லி என் மனைவி ஸ்டெல்லா நிறுத்தியிருக்கிறாள்.

படித்துவிட்டுச் சிரித்தேன். பெண் ஒரு கள்ளமும் இல்லாமல் எழுதியிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் முன்பு தீயணைப்பு வண்டி ஓட்டினார், என் அப்பா முன்பு பூசை வைத்தார். அவளுக்கு இரண்டும் ஒன்றுதான். இந்த ஊரில் எல்லோரும் எதையோ விட்டுவிட்டு வேறு எதையோ செய்துகொண்டிருக்கிறார்கள். யாரும் அதற்காகத் துக்கம் விசாரிப்பதில்லை.

ஆனால் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தத் தாள் கண்ணில் படுகிறது. இந்த ஐப்பசியோடு என் அய்யன் இறந்து ஒரு வருடம். எங்கள் வீட்டில் அப்பாவை அய்யன் என்றுதான் சொல்வோம். மெர்சி ஒரே மாலையில் தேடி எடுத்த சொற்களில் ஒன்றுகூட அய்யனிடம் இருந்ததில்லை. ஒன்றே ஒன்று இருந்திருந்தால்கூட, எனக்கும் அவருக்கும் நடுவில் பத்து வருடம் அப்படிப் போயிருக்காது என்று இப்போது தோன்றுகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். ஸ்டெல்லா இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். பரீட்சை எழுதி, வேலை வாங்கி வந்தவள் அவள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தவன் நான்.

வருவதற்கு முன் விசாவுக்காக ஒரு படிவம் கொடுத்தார்கள். ‘இதற்கு முன் செய்த தொழில்’ என்ற கட்டத்தில் கத்தோலிக்கக் குரு என்று உண்மையை எழுதினேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண்மணி அதைப் பார்த்தார். பிறகு மனைவி பெயர் எழுதும் கட்டத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கல்யாணம் செய்துகொள்ள ரோமாபுரியிலிருந்து வந்த அனுமதிக் கடிதத்தை எடுத்து நீட்டினேன். அது லத்தீனில் இருந்தது. அதை உள்ளே கொண்டுபோய் இன்னொரு அதிகாரியிடம் காட்டினார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் லத்தீனை முறைத்துப் பார்த்துவிட்டு, முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள்.

இங்கே வந்து நான் சேர்ந்தது பழைய கார்கள் விற்கும் ஒரு இடத்தில், ஆபீஸ் வேலைக்கு. இதற்கு முன் என்ன செய்தாய் என்று முதலாளி கேட்டார். சொன்னேன். மேஜையைத் தட்டிச் சிரித்தார். இனிமேல் எங்கள் கார்களைப் பற்றி நீ சொல்வதை ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்றார். அன்றே வேலை கிடைத்தது.

சில வருடங்களுக்கு முன் அவர் எல்லோரையும் கூப்பிட்டு, இனிமேல் ‘யூஸ்டு கார்’ என்ற வார்த்தை யார் வாயிலும் வரக்கூடாது என்றார். ‘ப்ரீ-ஓன்டு’ என்று சொல்ல வேண்டுமாம். ஏற்கெனவே ஒருவர் அன்பாக வைத்திருந்தது என்று அர்த்தம் வருகிறதாம். போர்டை மாற்றினோம். கார் அதே கார்தான், சீட்டில் அதே காப்பிக் கறைதான். விலை மட்டும் கொஞ்சம் ஏறியது. என்னைப் போன்ற ஆட்களுக்கும் யாராவது இப்படி ஒரு நல்ல வார்த்தை கண்டுபிடித்திருக்கலாம் என்று அன்று மத்தியானம் சாப்பிடும்போது நினைத்துக்கொண்டேன்.

காகித வேலை என்னுடையது. ஒவ்வொரு காருக்கும் முந்தைய உரிமையாளர் யார், அதற்கும் முந்தையவர் யார் என்று எழுதவேண்டும். கார்களைக் கழுவும்போது சீட்டுக்கு அடியிலிருந்து ஏதாவது வரும். குழந்தையின் ஒற்றைச் செருப்பு, தலையில் குத்தும் கிளிப், பாதி எரிந்த பிறந்தநாள் மெழுகுவத்தி. ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். இதுவரை யாரும் வந்து கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போவோம். நான் கடைசி பெஞ்சில் உட்கார்வேன். இந்தக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பாதிரியாருக்கு, எங்கள் பேச்சில் பங்குச் சாமிக்கு, என் கதை தெரியும். நல்ல மனிதர். வந்த புதிதில் காப்பி நேரத்தில் எல்லோருக்கும் என்னை அறிமுகப்படுத்தி, ஃபார்மர் என்ற சொல்லைச் சேர்த்துச் சொன்னார். ஒரு வயதான அம்மாள் என் கையைப் பிடித்துக் குலுக்கி, தன் மருமகனும் ஃபார்மர் மருமகன்தான் என்றார். நம் ஊரில் இப்படி ஒரு பேச்சு எந்தக் கோயில் வாசலிலும் நடக்காது.

3

நான் பிறந்தது பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து மேற்கே, மலையைப் பார்த்துப் போகிற வழியில். சர்ச் லைன் என்று ஒரு வரிசை ஓட்டு வீடுகள். அய்யன் பெயர் சின்னப்பன். அவரும் அவருடைய அய்யனும் ஒரே தோட்டத்தில் வேலை செய்தவர்கள். தோட்டத்து முதலாளியைப் பண்ணாடி என்போம். பண்ணாடி அய்யனை “டே சின்னா” என்பார். பண்ணாடியின் மகன் என்னைவிடச் சின்னவன். அவனும் “டே சின்னா” என்பான்.

எங்கள் பக்கத்துத் தமிழை மரியாதைத் தமிழ் என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்வார்கள். எதற்கெடுத்தாலும் ‘ங்க’ போடுவோம், கன்றுக்குட்டியைக்கூட ‘போங்க’ என்றுதான் விரட்டுவோம் என்று கேலி செய்வார்கள். அந்த ‘ங்க’ எங்கள் லைனிலிருந்து தோட்டத்துக்குப் போகும், திரும்பி வராது. கன்றுக்குட்டிக்குக் கிடைத்தது என் அய்யனுக்குக் கிடைத்ததில்லை. இதை நான் கசப்போடுதான் எழுதுகிறேன். மென்று விழுங்கிவிட்டு எழுத எனக்கு இன்னும் வரவில்லை.

எங்கள் லைனிலிருந்து குருமடத்துக்குப் போய், படிப்பை முடித்து, குருப்பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். இதைப் படிக்கிறவர்களில் எங்கள் வழக்கம் தெரியாதவர்கள் இருக்கலாம், அவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டம் கொடுக்கும்போது ஆயர், அதாவது பிஷப், நம் உள்ளங்கைகளில் எண்ணெய் பூசுவார். பிறகு சொந்த ஊருக்கு வந்து முதல் பூசை வைக்கவேண்டும். அதைப் புதுப்பூசை என்பார்கள். பூசை முடிந்ததும் முதலில் பெற்றவர்கள் வந்து, பிள்ளையின் முன்னால் முழங்காலிட்டு, எண்ணெய் பூசிய அந்தக் கைகளை முத்தமிடுவார்கள். அன்றிலிருந்து பெற்றவர்களுக்கும் அவன் சாமி. அப்புறம் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கிடையாது.

என் பெயர் சவரிமுத்து. புதுப்பூசையன்று காலை வீட்டிலிருந்து கிளம்பும்போது மழை வரும் போலிருந்தது. “சவரி, கொடைய எடுத்துக்கடா” என்றார் அய்யன். அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டதால் பூசை முடிந்ததும் அய்யன் மட்டும் தனியாக எழுந்து வந்தார். புது வேட்டி முழங்காலில் தடுக்கியது. குனிந்து தூக்கப் போனேன். “இருங்க சாமி” என்றார். இரண்டு கைகளையும் பிடித்து முத்தமிட்டுவிட்டு, “தோத்திரமுங்க சாமி” என்றார். கோயிலே அழுதது. நானும் அழுதேன். குடையைப் பற்றிச் சொன்னதுதான் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட கடைசித் தடவை என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

விருந்துக்குப் பண்ணாடியும் காரில் வந்து, ஒரு வாய் பாயசம் சாப்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரம் தோட்டத்தில் அய்யன் பாத்தி கட்டிக்கொண்டிருந்தபோது பண்ணாடி வரப்பில் வந்து நின்றாராம். “ஏனுங்க சின்னப்பா, நம்ம சாமிய எந்தக் கோயலுக்குப் போட்டிருக்காங்க?” என்று கேட்டாராம். அய்யன் மம்பட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றாராம். தன்னைத்தான் கேட்கிறாரா என்று பின்னால் திரும்பிப் பார்த்தாராம். அன்று காப்பி எவர்சில்வர் டம்ளரில் வந்ததாம்.

இந்தக் கதையை அய்யன் எத்தனை தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன் என்று தெரியாது. நான் லீவில் வரும்போதெல்லாம் சொல்வார். அந்த ‘ஏனுங்க’வை மட்டும் பண்ணாடியின் குரலிலேயே இழுத்துச் சொல்வார். சொல்லிவிட்டு, “எல்லாஞ் சாமியால” என்று என்னைப் பார்த்துக் கை கூப்புவார். எனக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்ல மனசு வராது.

4

குருத்துவத்தை ஏன் விட்டாய் என்று கேட்காதவர்கள் இல்லை. நான் இருந்த பங்குக் கோயிலுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஸ்டெல்லா வேலை பார்த்தாள். அவளைப் பிடித்தது. அவளுக்கும் பிடித்தது. ஒளித்து மறைத்து எதுவும் செய்யவில்லை. ஆயரிடம் போய்ச் சொன்னேன், ரோமாபுரிக்கு எழுதினேன், அனுமதி வரும்வரை காத்திருந்தேன், பிறகு கட்டிக்கொண்டேன். இதில் எனக்கு வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. ஸ்டெல்லா மாதிரி ஒருத்தி கிடைத்ததற்கு இன்றும் நன்றி சொல்லித்தான் படுக்கிறேன்.

அய்யனிடம் நானே நேரில் போய்ச் சொன்னேன். ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். கடைசிவரை கேட்டார். கட்டி முடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். எனக்கு ஒரு அசட்டு நம்பிக்கை இருந்தது. திட்டுவார், அழுவார், நாலு நாள் பேச மாட்டார், அப்புறம் “டே சவரி” என்று கூப்பிடுவார் என்று நினைத்தேன். சாமி போனால் பழைய சவரி திரும்பி வந்துவிடுவான் என்று கணக்குப் போட்டேன். அது நடக்கவில்லை.

என் தங்கை லூர்து மட்டும் மூன்றாம் நாளே ‘சாமி’யை விட்டுவிட்டு “அண்ணா” என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். அவள்தான் பின்னால் தோட்டத்துச் சேதியும் சொன்னாள். விஷயம் ஊருக்குள் பரவி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. பண்ணாடி வரப்பில் நின்று, “டே சின்னா, மோட்டார நிறுத்திப் போட்டு வா” என்றாராம். அய்யன் மோட்டாரை நிறுத்திவிட்டுப் போனாராம். சொன்ன வேலையை முழுக்கச் செய்து முடித்துவிட்டு, மாலை வீட்டுக்கு வந்து, மறுநாளிலிருந்து தோட்டத்துப் பக்கம் போகவே இல்லை. மேட்டுப்பாளையம் ரோட்டில் பம்புசெட் செய்யும் ஒரு கம்பெனியில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். காக்கிச் சட்டை கொடுத்தார்கள். அங்கே எல்லோரும் அவரை வாட்ச்மேன் என்றே கூப்பிட்டார்கள். அது அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்க வேண்டும்.

நான் இங்கே வந்தபிறகு, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லூர்து அவரை எஸ்.டி.டி. பூத்துக்குக் கூட்டிக்கொண்டு வருவாள். நான் இங்கிருந்து கூப்பிடுவேன். அய்யன் பேசுவார். பேசவில்லை என்று சொல்ல முடியாது. “அங்க மழையா?” என்பார். “புள்ளைக்குக் காச்ச தேவலையாயிருச்சா?” என்பார். “சோறு கெடைக்குதா?” என்பார். பேச ஒன்றும் இல்லாதபோது, “செரி, வெச்சரலாம்” என்பார். எங்கள் தமிழில் ஒருவரோடு நாலு வார்த்தை பேசினால் ஐந்தாவதில் ஒரு ‘டா’வோ ஒரு ‘ங்க’வோ தானாக வந்து விழுந்துவிடும். ‘டா’ போட்டால் நான் சவரி. ‘ங்க’ போட்டால் சாமி. அய்யன் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து கண்டுபிடித்து, அதற்குள்ளேயே பத்து வருடம் நடந்தார்.

ஒரு தடவை வேண்டுமென்றே, “ஆரு பேசறதுன்னு தெரியுதுங்களா அய்யா?” என்று கேட்டேன். “தெரியுது” என்றார். போனை லூர்துவிடம் கொடுத்துவிட்டார். அன்று மாலை முழுக்க நான் ஸ்டெல்லாவிடம் எரிந்து விழுந்தேன். பாவம், அவளுக்குக் காரணம் தெரியாது.

5

போன வருடம் ஐப்பசி தொடக்கத்தில் லூர்து கூப்பிட்டாள். “அய்யனுக்கு மூச்சு எளைக்குதுங்கண்ணா. வர வேண்டியவங்கள வரச் சொல்லிருங்கன்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு” என்றாள். மெர்சிக்குப் பள்ளிக்கூடம். நான் மட்டும் கிளம்பினேன். முதலாளி லீவு கொடுத்து, தோளைத் தட்டி அனுப்பினார்.

அய்யனைக் கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். உக்கடத்தில் பஸ் குளத்தோரமாக ஊர்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு வெள்ளை ஜீப் வந்து நின்றது. கண்ணாடியில் ‘முன்னாள் கவுன்சிலர்’ என்று எழுதியிருந்தது. ‘முன்னாள்’ எறும்பு அளவுக்கு, ‘கவுன்சிலர்’ யானை அளவுக்கு. எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊரில் ஒரு பட்டம் வந்தால் சாமானியமாகப் போகாது. எப்போதோ தோற்றுப்போன தலைவர் இன்னும் தலைவர்தான். எங்கள் லைனுக்குப் பக்கத்தில் கண்டக்டர் வீடு என்று ஒன்று உண்டு. அவர் வேலையை விட்டு அடுத்த தலைமுறை தலையெடுத்துவிட்டது. அவருடைய பேத்தி இன்றைக்கும் கண்டக்டர் வீட்டுப் பெண்தான்.

எங்கள் திருச்சபையும் அப்படித்தான் சொல்கிறது. குருப்பட்டம் என்பது அழியாத முத்திரை. ஒருமுறை குத்திவிட்டால் போகாது. வேலையைச் செய்யாதே என்று தடை போடலாம், முத்திரையை யாராலும் எடுக்க முடியாது. ஆக, சட்டப்படி பார்த்தால் எனக்கு முன்னால் ‘எக்ஸ்’ போட ரோமாபுரிக்கே அதிகாரம் இல்லை.

ஆனால் சட்டம் படித்தவர்களா ஊரில் இருக்கிறார்கள்? ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்கள் லைன் ஆட்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஞானம்மாக்கா எழுந்து நின்றது. பழக்கத்தில் இரண்டு கைகளும் மேலே வந்தன. “தோத்திர...” என்று வாயும் திறந்தது. அப்போதுதான் நினைவு வந்திருக்க வேண்டும். கைகள் நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே, ஒன்றோடொன்று சேராமல் நின்றுவிட்டன. பிறகு முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி இறங்கிவிட்டன. “வாங்க” என்றது. அந்த முகத்தில் ஒரு குற்றமும் இல்லை, சங்கடம்தான். எனக்கு ஓடிப்போய் அந்தக் கைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

6

பொது வார்டில் ஜன்னலோரக் கட்டில். அய்யன் பாதியாகிப் போயிருந்தார். மூக்கில் குழாய். என்னைப் பார்த்துவிட்டு, “வந்தாச்சா” என்றார். சாகக் கிடக்கும்போதும் அந்தச் சந்திலிருந்து வெளியே வரவில்லை. “வந்தாச்சுங்க அய்யா” என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டு நாள் அவரோடுதான் இருந்தேன். கஞ்சி ஊட்டினேன். முதுகு துடைத்துவிட்டேன். கால் நகம் வெட்டினேன். எதற்கும் மறுப்பு சொல்லவில்லை. “போதும்” என்பார். “தண்ணி” என்பார். நான் நகர்ந்தால் கண் என் பின்னாலேயே வரும், திரும்பிப் பார்த்தால் ஜன்னல் பக்கம் போய்விடும்.

மூன்றாம் நாள் மத்தியானம் எங்கள் ஊர்ப் பங்குச் சாமி நோயாளிகளுக்குப் பூசும் எண்ணெயோடு வந்தார். இளைஞர். நான் விட்டபிறகு பட்டம் வாங்கியவர். அவர் உள்ளே போனதும் நான் மரியாதைக்காக வராந்தாவுக்கு வந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் லூர்து வேகமாக வெளியே வந்தாள். “அண்ணா, அய்யன் சாமிகிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ண மாட்டேங்கறாருங்க. உங்ககிட்டத்தான் பண்ணுவாராமா” என்றாள்.

பாவசங்கீர்த்தனம் என்பது செய்த பாவங்களைச் சாமியிடம் தனியாகச் சொல்லி மன்னிப்பு வாங்குவது. அதைக் கேட்கும் உரிமையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் அதில் ஒரு விலக்கு உண்டு. சாவின் விளிம்பில் இருக்கிற ஒருவர் கேட்டால், விட்டுப்போன குருவும் கேட்கலாம், மன்னிப்பும் கொடுக்கலாம். குருமடத்தில் படித்ததுதான். என் சொந்த வாழ்க்கையில் வரும் என்று நினைத்ததில்லை. அய்யனுக்கு இது எப்படித் தெரிந்தது, யாரிடம் கேட்டு வைத்திருந்தார், எவ்வளவு நாளாக மனசுக்குள் வைத்திருந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பங்குச் சாமியும் வெளியே வந்தார். கோபம் இல்லை. பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது போடும் ஊதா நிறத் துண்டைத் தன் கழுத்திலிருந்து எடுத்து, அதன் சிலுவையை முத்தமிட்டு, என் கையில் கொடுத்தார். “போங்க ஃபாதர். சட்டம் எடங் குடுக்குது. உங்களுக்குத் தெரியாததில்லைங்க” என்றார். அந்தத் துண்டு கனமே இல்லாதது. கழுத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

கட்டிலைச் சுற்றி லூர்து திரையை இழுத்துவிட்டுப் போனாள். நான் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, காதை அவர் வாய்ப்பக்கம் வைத்துக்கொண்டேன். அய்யன் கண்ணைத் திறந்து, அந்தத் துண்டைப் பார்த்தார். பிறகு நேராக என் முகத்தைப் பார்த்தார். பத்து வருடம் கழித்து.

“சாமி” என்றார். “எனக்கு நேரமாயிருச்சுங்க சாமி. பாவசங்கீர்த்தனங் கேளுங்க.”

கேட்டேன். மன்னிப்பின் வாசகத்தைச் சொன்னேன். ஒரு வார்த்தை தடுக்கவில்லை. நெற்றியில் சிலுவை போட்டேன். அய்யன் இரண்டு கைகளையும் குழாய்க்கு மேலாகத் தூக்கி முழுதாகக் கூப்பினார். அதற்குப் பிறகு அதிகம் பேசவில்லை. மறுநாள் காலை, லூர்து பல் விளக்கிவிட்டு வருவதற்குள் போய்விட்டார்.

7

கல்லறைத் திருநாளுக்குச் சில நாள்தான் இருந்தது. கல்லறைத் தோட்டம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்து வெள்ளையாக இருந்தது. அம்மாவுக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. பண்ணாடி வரவில்லை, அவருக்கும் உடம்புக்கு முடியவில்லையாம். அவர் மகன் வந்து சுவருக்கு வெளியே நின்றான். “ஏனுங்க, எப்ப வந்தீங்க? அமெரிக்காவுல எல்லாஞ் சௌரியமுங்களா?” என்றான். அந்த ‘ங்க’ எனக்கு வந்ததல்ல, அமெரிக்காவுக்கு வந்தது. வாங்கி வைத்துக்கொள்ள மனசில்லாமல் தலையை மட்டும் ஆட்டினேன். கேட்டுச் சந்தோஷப்பட வேண்டியவர் உள்ளே குழியில் இருந்தார்.

அன்று மாலை லூர்து எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு அருகில் உட்கார்ந்தாள். “கடைசீல சாமின்னு வாய் நெறையக் கூப்புட்டுட்டாருங்கண்ணா. இனி உங்களுக்கு மனசு ஆறிப் போயிரோணும்” என்றாள். ஆமாம் என்றேன். இங்கே வந்ததும் ஸ்டெல்லாவும் அதையேதான் சொன்னாள். ஊரும் திருச்சபையும் பறித்ததை அப்பாவே திருப்பிக் கொடுத்துவிட்டார், ‘எக்ஸ்’ இல்லாமல், ‘ஃபார்மர்’ இல்லாமல், முழுதாகக் கொடுத்துவிட்டார் என்றாள். அவளிடமும் ஆமாம் என்றேன். அவர்கள் சொல்வது சரிதான். அவருக்கு நான் ஒருநாளும் முன்னாள் சாமியாக இருந்ததில்லை. அவருக்கு என்னிடம் முன்னாளாகிப் போனது வேறு ஒன்று. மெர்சி தேடி எடுத்த சொற்களை இப்போது அதன் முன்னால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். முன்னாள் மகன் என்று எந்த மொழியிலும் யாரும் சொல்வதில்லை.

என் மனசு ஆறவில்லை. ஏன் என்று அவர்கள் இருவரிடமும் சொல்லவில்லை, இங்கே சொல்லிவிடுகிறேன். அய்யன் அந்தத் திரைக்குள் என்னிடம் சொன்னதை நான் சாகும்வரை யாரிடமும் சொல்ல முடியாது. அந்தத் தடை சாமிகளுக்கு உண்டு, என்னைப் போன்றவர்களுக்கும் உண்டு. நான் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது மட்டும் என்னுடையது.

பாவங்களைக் கேட்டபின், மன்னிப்பு கொடுப்பதற்கு முன்னால், சாமி ஒரு பரிகாரம் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அது ‘அருள் நிறைந்த மரியே’ போன்ற ஒரு ஜெபமாக இருக்கும். சில சமயம் ஒரு காரியத்தைச் செய்யச் சொல்வதும் உண்டு. பேசாமல் இருக்கிற தம்பியிடம் போய்ப் பேசு, வாங்கின பொருளைத் திருப்பிக் கொடு என்பது மாதிரி. எது சொன்னாலும் மறுக்கக் கூடாது. அய்யன் பேசி முடித்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, பரிகாரத்துக்காக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னை ஒருக்காச் சவரி என்று கூப்பிடுங்கள் அய்யா. அதுதான் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. சொல்லியிருந்தால் செய்திருப்பார். சாமி சொல்லி அய்யன் எதையும் தட்டியதில்லை. பாவமன்னிப்புக்காக, ஜெபத்தை முணுமுணுப்பது போல, கண்ணை மூடிக்கொண்டு என் பெயரைச் சொல்லியிருப்பார். எனக்கு அப்படி வேண்டாம். அவராகக் கூப்பிட வேண்டும் என்றுதான் பத்து வருடம் காத்திருந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

“மூணு அருள் நிறைந்த மரியே சொல்லுங்க” என்றேன்.

“செரிங்க சாமி” என்றார் அய்யன்.